அரிப்பின் பின்னே ஒரு பாக்டீரியா: அடோபிக் எக்சிமாவில் கிருமியும் எதிர்ப்பாற்றலும் செய்வது என்ன?

புதுடெல்லி: குழந்தையின் முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் தோல் வறண்டு சிவக்கிறது. இரவில் அரிப்புத் தாங்காமல் குழந்தை சொறிகிறது. சொறிந்த இடத்தில் நீர் கசிந்து, தேன் நிறத்தில் பொருக்குக் கட்டுகிறது. மருந்துக் கடையில் வாங்கிய களிம்பைத் தடவினால் ஒரு வாரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. அடுத்த மாதம் அதே இடத்தில் மீண்டும் தலைகாட்டுகிறது. அடோபிக் டெர்மடைடிஸ் என்று மருத்துவர்களும், எக்சிமா அல்லது கரப்பான் என்று பொதுமக்களும் அழைக்கும் இந்த நாள்பட்ட தோல் அழற்சி நோய், உலகெங்கும் கோடிக்கணக்கான குடும்பங்களின் உறக்கத்தைக் கெடுத்து வருகிறது.

இந்நோய் கிருமியால் வருவதா, அல்லது உடலின் எதிர்ப்பாற்றல் தடம் புரள்வதால் வருவதா என்ற கேள்வி மருத்துவ உலகில் நீண்ட காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. இது ஏட்டளவிலான விவாதம் அன்று. கிருமிதான் மூலகாரணம் என்றால் ஆன்டிபயாடிக் மருந்துகளால் நோய் தீர வேண்டும். எதிர்ப்பாற்றலின் கோளாறுதான் காரணம் என்றால், ஆன்டிபயாடிக் கொடுப்பது பயனற்றது என்பதோடு, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்த்துவிடும் ஆபத்தும் உண்டு. கடந்த 20 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் இந்தக் கேள்விக்குத் தந்துள்ள விடை, இரு தரப்பும் எதிர்பார்த்ததைவிடச் சற்றுச் சிக்கலானது.

சுவரில் விழும் விரிசல்

தோலின் மேல் அடுக்கை செங்கற்களால் கட்டிய சுவருக்கு ஒப்பிடுவது வழக்கம். இறந்த, தட்டையான செல்கள் செங்கற்கள். அவற்றுக்கிடையே உள்ள கொழுப்புப் பொருட்கள் சாந்து. இந்தச் செங்கற்களை இறுக்கமாகக் கட்டமைக்கும் புரதங்களுள் முதன்மையானது ஃபிலாக்ரின். பணி முடிந்ததும் இப்புரதம் சிதைந்து, தோலின் ஈரத்தைப் பிடித்து வைக்கும் சிறு மூலக்கூறுகளாக மாறுகிறது. தோலின் மேற்பரப்பைச் சற்று அமிலத் தன்மையுடன், ஏறத்தாழ பிஹெச் 5 என்ற அளவில் வைத்திருப்பதிலும் அந்த மூலக்கூறுகளுக்குப் பங்கு உண்டு.

ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இர்வின் மெக்லீன் தலைமையிலான குழு, ஃபிலாக்ரின் மரபணுவில் உள்ள குறைபாடுகள் எக்சிமாவுக்கு வலுவான காரணியாக அமைவதை 2006-ஆம் ஆண்டு கண்டறிந்தது. அதுவரை எக்சிமாவை முழுக்க முழுக்க ஒவ்வாமை நோயாகவே பார்த்து வந்த மருத்துவ உலகம், தோல் என்னும் தடுப்புச் சுவரின் பக்கம் திரும்பியது அதன் பிறகுதான். எனினும், எக்சிமா உள்ள அனைவருக்கும் இந்த மரபணுக் குறைபாடு இருப்பதில்லை. குறைபாடு உள்ள அனைவருக்கும் எக்சிமா வருவதுமில்லை.

சுவரில் விரிசல் விழுந்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிறது. வெளியிலிருந்து தூசும், ஒவ்வாமைப் பொருட்களும், நுண்ணுயிர்களும் உள்ளே நுழைகின்றன. தோலின் அமிலத் தன்மையும் குறைகிறது. இந்த மாற்றத்துக்காகவே காத்திருப்பது போல ஒரு பாக்டீரியா அங்கே குடியேறுகிறது.

குடியிருப்போரும் குடியேறியவரும்

நலமான தோலிலும் பாக்டீரியாக்கள் உண்டு. அவற்றில் பல மனிதருக்குத் தீங்கு செய்யாதவை. சில காவலர்களாகவே செயல்படுபவை. ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ் ஹோமினிஸ் போன்றவற்றின் சில வகைகள், அந்நியப் பாக்டீரியாக்களைக் கொல்லும் வேதிப்பொருட்களைத் தாமே சுரக்கின்றன.

இவற்றின் நெருங்கிய உறவினம்தான் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ். நலமாக இருக்கும் பெரியவர்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தினரின் மூக்கில் இது எந்தத் தொந்தரவும் தராமல் வாழ்கிறது. நலமான தோலில் அதற்கு எளிதில் இடம் கிடைப்பதில்லை. எக்சிமா நோயாளிகளின் தோலில் நிலைமை தலைகீழ். பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து 2016-ஆம் ஆண்டு வெளியான பகுப்பாய்வு ஒன்றின்படி, சுமார் 70 சதவீத நோயாளிகளின் பாதிக்கப்பட்ட தோலில் ஆரியஸ் இருந்தது. பார்வைக்கு நலமாகத் தெரியும் தோல் பகுதிகளிலும் 39 சதவீதத்தினரிடம் அது காணப்பட்டது.

எக்சிமாவுக்கும் ஆரியஸுக்கும் உள்ள தொடர்பு 1974-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்டுவிட்டது. ஆனால், அந்தப் பாக்டீரியா அங்கே என்ன செய்கிறது என்பதை அறியும் வழி அன்று இல்லை. மரபணு வரிசையைப் படிக்கும் தொழில்நுட்பம் வந்த பிறகே படம் தெளிவாகத் தொடங்கியது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஹைடி காங், ஜூலி செக்ரே ஆகியோரின் குழு, எக்சிமா உள்ள குழந்தைகளின் தோலில் வாழும் நுண்ணுயிர்களை நோய் தீவிரமாகும்போதும் அடங்கியிருக்கும்போதும் கணக்கிட்டு 2012-இல் முடிவுகளை வெளியிட்டது. நோய் தீவிரமடையும் வேளையில் ஆரியஸ் பெருகி, தோலில் இருந்த நுண்ணுயிர்களின் பன்மை சுருங்கியது. சிகிச்சைக்குப் பின் பன்மை மீண்டது.

நச்சுகளும் ஒரு கத்தரிக்கோலும்

தோலில் நிலைகொண்ட ஆரியஸ் பலவகை நச்சுகளை வெளியிடுகிறது. அவற்றுள் சில, எதிர்ப்பாற்றல் செல்களை ஒட்டுமொத்தமாகத் தூண்டிவிடும் ஆற்றல் கொண்டவை. வழக்கமாக ஒரு கிருமிக்கு எதிராக மிகச் சில டி-செல்களே விழித்தெழும். இந்நச்சுகளோ அவற்றில் பெரும் பகுதியை ஒரே நேரத்தில் கிளப்பிவிடுகின்றன. டெல்டா நச்சு என்ற மற்றொன்று, ஒவ்வாமையின்போது ஹிஸ்டமினை வெளியிடும் மாஸ்ட் செல்களைத் தூண்டுவதை 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினர்.

இவற்றைவிட வியப்பளித்தது 2023 நவம்பரில் வெளியான கண்டுபிடிப்பு. அழற்சியால்தான் அரிப்பு வருகிறது என்றே அதுவரை கருதப்பட்டது. ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியின் ஐசக் சியூ தலைமையிலான குழு, ஆரியஸ் எவருடைய உதவியும் இன்றித் தானே நேரடியாக அரிப்பை உண்டாக்குவதை எலிகளில் நிறுவியது. இந்தப் பாக்டீரியா வெளியிடும் வி8 என்ற நொதி, கத்தரிக்கோலைப் போலப் புரதங்களைத் துண்டிக்கக்கூடியது. தோலில் உள்ள நரம்பு முனைகளில் பார்1 என்னும் ஒரு ஏற்பி உண்டு. அதன் நுனியை வி8 கத்தரித்ததும் நரம்பு விழித்துக்கொண்டு, அரிக்கிறது என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகிறது. இரத்தம் உறைவதைத் தடுக்க ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள வொரபாக்சார் என்ற மருந்து இதே ஏற்பியை அடைக்கும் தன்மை கொண்டது. அதைக் கொடுத்தபோது எலிகள் சொறிவது குறைந்தது. எனினும் இம்மருந்துக்கு இரத்தக்கசிவு என்னும் பக்கவிளைவு உண்டு. எலியில் கண்ட பலனை வைத்து எக்சிமா நோயாளிகள் அதை நாட இயலாது.

சொறியச் சொறியத் தோல் மேலும் கிழிகிறது. கிழிந்த தோலில் ஆரியஸ் மேலும் பரவுகிறது. தாயும் தந்தையும் குழந்தையை அதட்டிச் சொறியவிடாமல் தடுப்பது ஏன் பலன் தருவதில்லை என்பதற்கு இந்த ஆய்வே போதுமான விளக்கம். அது கெட்ட பழக்கம் அன்று. நரம்பில் பிறக்கும் கட்டளை.

காவலை விலக்கும் எதிர்ப்பாற்றல்

கிருமியின் பக்கம் இப்படி இருக்க, உடலின் எதிர்ப்பாற்றலும் குற்றமற்றதன்று. எக்சிமாவில் இன்டர்லூகின்-4, இன்டர்லூகின்-13 என்ற இரு சமிக்ஞைப் புரதங்கள் தோலில் மிகுந்திருக்கும். குடற்புழு போன்ற ஒட்டுண்ணிகளை எதிர்கொள்வதற்கென உருவான எதிர்ப்பாற்றல் பிரிவைச் சேர்ந்தவை இவை. தோல் பாக்டீரியாக்களைச் சமாளிக்க இப்பிரிவு உதவாது. உதவாதது மட்டுமன்று, இவ்விரு புரதங்களும் தோல் செல்கள் ஃபிலாக்ரின் உற்பத்தி செய்வதையே குறைத்துவிடுகின்றன. மரபணுவில் எந்தக் குறையும் இல்லாதவர்களுக்கும் சுவரில் விரிசல் விழுவது இதனால்தான். கூடவே, பாக்டீரியாக்களைக் கொல்வதற்காகத் தோல் தானே சுரக்கும் இயற்கைப் பெப்டைடுகளின் சுரப்பையும் அவை தணித்துவிடுகின்றன.

இந்த இடத்தில் சொரியாசிஸ் நோயோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. சொரியாசிஸிலும் தோல் வெடித்துச் செதில்செதிலாக உரிகிறது. ஆனால் அதில் சீழ் பிடிப்பது அரிது. இரு நோய்களின் தோல் மாதிரிகளையும் ஒப்பிட்டு 2002-ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வு, கிருமிகொல்லிப் பெப்டைடுகள் சொரியாசிஸில் ஏராளமாகவும் எக்சிமாவில் மிகக் குறைவாகவும் இருப்பதைக் கண்டது. சொரியாசிஸில் பாக்டீரியாவின் பங்கு வேறு வகையானது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டை வலி வந்து இரண்டு மூன்று வாரங்களில், சிறுவர்களின் உடலெங்கும் நீர்த்துளி போன்ற சிறு சொரியாசிஸ் புள்ளிகள் தோன்றுவது உண்டு. கிருமி இருப்பது தொண்டையில். அங்கே தூண்டப்பட்ட டி-செல்கள் வெளிப்படுவது தோலில்.

எக்சிமாவில் எதிர்ப்பாற்றலின் கை எவ்வளவு ஓங்கியது என்பதைக் காட்டிய சான்று, எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2017 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டூபிலுமாப் என்னும் ஊசி மருந்து, இன்டர்லூகின்-4, இன்டர்லூகின்-13 ஆகியவற்றின் சமிக்ஞையைத் தடுக்கிறது. அது ஆன்டிபயாடிக் அன்று; எந்தப் பாக்டீரியாவையும் நேரடியாகக் கொல்லாது. ஆயினும் அம்மருந்து செலுத்தப்பட்டவர்களின் தோலில் ஆரியஸின் அளவு 3 நாட்களிலேயே சரியத் தொடங்கியதை 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று பதிவு செய்தது. அழற்சியின் கை தளர்ந்ததும், தோல் தன் காவலைத் தானே மீட்டுக்கொண்டது என்பதே இதன் பொருள்.

அப்படியானால் முதலில் வந்தது எது? பச்சிளம் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த இரு ஆய்வுகள் 2017-இல் வெளியாகின. சுவிட்சர்லாந்து ஆய்வில், எக்சிமா தோன்றுவதற்கு முன்பே தோலில் ஆரியஸ் குடியேறியிருந்தது. அயர்லாந்து ஆய்விலோ அவ்வாறு காணப்படவில்லை. மாறாக, இரண்டாவது மாதத்தில் தீங்கற்ற ஸ்டெஃபிலோகாக்கஸ் வகைகள் தோலில் இருந்த குழந்தைகளுக்கு, ஓராண்டு நிறைவில் எக்சிமா குறைவாக இருந்தது. பிறந்த முதல் சில நாட்களில் தோலைத் தொடும் பாக்டீரியாக்களை எதிர்ப்பாற்றல் நண்பர்களாக ஏற்கப் பழகுகிறது என்பதும், அந்தப் பருவம் கடந்தால் அதே பாக்டீரியாவைப் பகையாகப் பார்க்கிறது என்பதும் 2015-ஆம் ஆண்டின் எலி ஆய்வில் தெரியவந்தது. இது மனிதக் குழந்தைகளிலும் இதே வடிவில் நிகழ்கிறதா என்பதை உறுதிப்படுத்தப் பெரிய ஆய்வுகள் தேவை.

கிருமியைக் கொன்றால் போதுமா?

போதாது என்பதே மருத்துவச் சோதனைகள் தந்த பதில். கிருமித்தொற்று இருப்பதாகத் தோன்றிய எக்சிமா உடைய 113 குழந்தைகளிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வின் முடிவு 2017-இல் வெளியானது. வழக்கமான ஸ்டீராய்டு களிம்புடனும் ஈரப்பதக் களிம்புடனும் ஆன்டிபயாடிக் சேர்த்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு, அது கொடுக்கப்படாதவர்களைவிடக் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் கிடைக்கவில்லை. உடல்நிலை மோசமடையாத எக்சிமா நோயாளிகளுக்கு வழக்கமாக ஆன்டிபயாடிக் வழங்க வேண்டாம் என்று பிரிட்டன் வழிகாட்டுதல் 2021-இல் அறிவுறுத்தியது. ஆரியஸை மட்டும் குறிவைத்துக் கொல்லும் நொதி ஒன்றை நெதர்லாந்தில் சோதித்தபோதும், நோயாளிகளின் ஸ்டீராய்டு தேவை குறையவில்லை.

காய்ச்சல் வருதல், சிவப்பு வேகமாகப் பரவுதல், சீழ்க் கட்டி உண்டாதல், குழந்தை சோர்ந்து கிடத்தல் ஆகியவை இருப்பின் கதை வேறு. அப்போது ஆன்டிபயாடிக் அவசியம், தாமதம் கூடாது. கொத்துக்கொத்தாக ஒரே அளவிலான கொப்புளங்கள் வலியுடன் தோன்றினால் அது ஹெர்பீஸ் வைரஸாக இருக்கக்கூடும் என்பதால், அதே நாளில் மருத்துவரைக் காண வேண்டும்.

இந்தியாவுக்கு இதில் தனிக் கவலை உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் அண்மைக்காலக் கண்காணிப்பு அறிக்கைகளில், மருத்துவமனைகளில் சேகரிக்கப்பட்ட ஆரியஸ் மாதிரிகளில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவை மெத்திசிலின் வகை மருந்துகளுக்கு அடங்காதவையாக இருந்தன. ஆன்டிபயாடிக் களிம்பை மாதக்கணக்கில் தோலில் தடவிவருவது, அத்தகைய கிருமிகளைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பதற்கு ஒப்பானது.

கலவைக் களிம்பும் களிம்பு அச்சமும்

இந்திய மருந்துக் கடைகளில் வீரியமிக்க ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சைக்கொல்லி ஆகிய மூன்றும் ஒரே குழாயில் கலந்து விற்கப்படுவது பலருக்கும் தெரிந்ததே. எந்த அரிப்பானாலும் இதைத் தடவினால் முதலில் அடங்கும். ஸ்டீராய்டு அழற்சியை அமுக்குவதே காரணம். இருந்தது படர்தாமரை என்றால், வெளித்தோற்றம் மறைந்து பூஞ்சை அடியில் பரவும். இருந்தது எக்சிமா என்றால், தேவையற்ற ஆன்டிபயாடிக் உடன் சேரும். முகத்திலும் தொடையிடுக்கிலும் தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் தெரிந்து, நிரந்தரக் கோடுகள் விழும். இந்தியத் தோல், பால்வினை மற்றும் தொழுநோய் மருத்துவர்கள் சங்கம் நீண்டகாலமாக இதனை எதிர்த்துக் குரல் கொடுத்ததன் பின்னணியில், 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவரின் சீட்டின்றி விற்க இயலாத எச் அட்டவணைக்குள் மத்திய அரசு 2018 மார்ச்சில் கொண்டுவந்தது. அறிவிக்கை வந்த பின்னரும் சீட்டின்றிக் கேட்பவருக்குக் களிம்பு கிடைப்பது நின்றுவிடவில்லை.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதுமே அஞ்சி, மருத்துவர் எழுதிக் கொடுத்த களிம்பைப் பட்டாணி அளவில் எடுத்து உடல் முழுவதும் பூசும் பெற்றோரும் இருக்கிறார்கள். அழற்சி பாதியில் நிற்கும். ஆரியஸும் அங்கேயே நிற்கும். பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு, சுமார் அரை கிராம். அது பெரியவரின் இரு உள்ளங்கை அளவுள்ள தோலுக்குப் போதுமானது. இடத்துக்கேற்ற வீரியமும், குறிப்பிட்ட நாட்களும், மருத்துவரின் மேற்பார்வையும் இருந்தால் ஸ்டீராய்டு களிம்பே இன்றும் முதல்நிலைச் சிகிச்சை.

சோப்பு, எண்ணெய், பத்தியம்

வழக்கமான சோப்புக் கட்டிகள் பெரும்பாலும் பிஹெச் 9 முதல் 10 வரையான காரத்தன்மை உடையவை. ஏற்கெனவே அமிலத் தன்மையை இழந்துவரும் எக்சிமா தோலுக்கு இது ஆகாது. கிருமிநாசினி சோப்பு என்று விளம்பரப்படுத்தப்படுவதும் இதற்கு விதிவிலக்கன்று. சோப்பற்ற மென்மையான கழுவுபொருளும், குளித்த சில நிமிடங்களுக்குள் ஈரப்பதக் களிம்பும் பரிந்துரைக்கப்படுவது இதனால்தான். பிளீச்சிங் கரைசலை மிக நீர்த்த அளவில் கலந்து குளிக்கும் முறை 2009-இல் அமெரிக்காவில் நடந்த சிறு ஆய்வுக்குப் பின் பரவலானது. பிந்தைய ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. அளவு தவறினால் தோல் வெந்துவிடும் என்பதால் வீட்டில் சுயமாக முயல்வது கூடாது.

எண்ணெய்களிலும் வேறுபாடு உண்டு. வட இந்தியாவில் பச்சிளம் குழந்தைக்குக் கடுகு எண்ணெய் தேய்ப்பது மரபு. 2002-இல் வெளியான எலி ஆய்வில், கடுகு எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் சேதமடைந்த தோல் ஆறுவதைத் தாமதப்படுத்தின. சூரியகாந்தி எண்ணெய் ஆறுதலைத் துரிதப்படுத்தியது. பிலிப்பைன்ஸில் 2008-இல் எக்சிமா உள்ள பெரியவர்களிடம் நடந்த ஒப்பீட்டில், தூய தேங்காய் எண்ணெய் ஆலிவ் எண்ணெயைவிட ஆரியஸைக் கூடுதலாகக் குறைத்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் தென்னிந்தியப் பாட்டிமார்கள் மறுக்கப்போவதில்லை.

பிறந்தது முதல் ஈரப்பதக் களிம்பு பூசிவந்தால் எக்சிமா வராமலேயே தடுக்கலாம் என்ற நம்பிக்கை மட்டும் பொய்த்தது. பிரிட்டனில் 1,394 குழந்தைகளிடமும், நார்வே, ஸ்வீடன் நாடுகளில் 2,397 குழந்தைகளிடமும் நடந்த இரு சோதனைகள் 2020-இல் ஒருசேர அதை மறுத்தன. வந்த நோயை அடக்கிவைக்க ஈரப்பதக் களிம்பு தேவை. வராமல் தடுக்க அது உதவவில்லை.

கரப்பான் பண்டம் என்று பெயரிட்டுக் கத்தரிக்காய், கருவாடு, முட்டை எனக் குழந்தையின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக விலக்குவது தமிழ்க் குடும்பங்களில் வழக்கம். சில குழந்தைகளுக்கு உணவு ஒவ்வாமை உண்மையாகவே உண்டு. அதை மருத்துவரின் துணையுடன் உறுதிசெய்யாமல் உணவை ஒதுக்கினால், எக்சிமா குறையாது. குழந்தையின் எடைதான் குறையும்.

நல்ல பாக்டீரியாவே மருந்தாகுமா?

நோயாளியின் தோலிலிருந்தே காவல் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, களிம்பில் கலந்து மீண்டும் அவருக்கே பூசும் முயற்சியைச் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் காலோ குழு 2017-இல் வெளியிட்டது. ஆரியஸின் எண்ணிக்கை குறைந்தது. நலமான ஒருவரின் தோலிலிருந்து எடுத்த ஹோமினிஸ் வகை ஒன்றை 54 நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2021-இல் வந்தது. பூசுவது பாதுகாப்பானது எனத் தெரிந்தது. ஆனால் எல்லா நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தபோது நோயின் கடுமை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. எவருடைய தோலில் இருந்த ஆரியஸ் அந்த வகைக்கு அடங்குவதாக இருந்ததோ, அவர்களிடம் மட்டுமே முன்னேற்றத்தின் அறிகுறி தென்பட்டது. ஆரியஸிலும் பல வகைகள் உண்டு என்பதே இதிலிருந்து தெரிந்த பாடம். ரோசியோமோனாஸ் மியூகோசா என்ற மற்றொரு பாக்டீரியாவை அடிப்படையாகக் கொண்ட மருந்து, தொடக்கத்தில் பெரும் எதிர்பார்ப்பைக் கிளப்பி, 2021-இல் இரண்டாம் கட்டச் சோதனையில் தோல்வியுற்றது.

தற்போதைக்கு, கடுமையான எக்சிமாவில் கைகொடுப்பவை எதிர்ப்பாற்றலைக் குறிவைக்கும் மருந்துகளே. பல சமிக்ஞைகளை ஒருசேரத் தடுக்கும் ஜாக் தடுப்பி மாத்திரைகள் சில நாட்களிலேயே அரிப்பைத் தணிக்கின்றன. மூட்டழற்சி நோயாளிகளிடம் நடந்த பாதுகாப்பு ஆய்வைத் தொடர்ந்து, இதயப் பாதிப்பு, இரத்த உறைவு, புற்றுநோய் ஆகியவை குறித்த கடும் எச்சரிக்கையை இம்மாத்திரைகளில் சிலவற்றின் உறையில் சேர்க்க அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2021-இல் உத்தரவிட்டது. இந்தியாவில் மற்றொரு முன்னெச்சரிக்கையும் முக்கியம். காசநோய்க் கிருமி அறிகுறியின்றி உடலில் உறங்கிக் கிடப்போர் இங்கு மிகப் பலர்; எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மாத்திரை அதை எழுப்பிவிடக்கூடும். எனவே முதல் மாத்திரைக்கு முன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் செய்து, உறங்கும் தொற்று இருப்பது தெரிந்தால் முதலில் அதற்கான சிகிச்சையைத் தொடங்குகின்றனர்.